தினமும் வெடிக்கும் சண்டை: வாசகர் கேள்வி – பதில்

சின்ன விஷயத்துக்கும் வெடித்து, எல்லாப் பழியையும் எதிராளி மேல் போட்டு, எந்த முடிவையும் முடிவாக ஏற்காத ஒருவரோடு காலம் தள்ள வேண்டியிருப்பவர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அனுப்பியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கணவரைப் பிரிந்து வாழ்கிறேன். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. ஏழு வயது மகள் என்னிடம் இருக்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது வாட்ஸ்ஆப் மெசேஜ் அனுப்புகிறார். பதில் போட்டால் சண்டை. போடாவிட்டால் 'குழந்தையைப் பற்றிக் கேட்டால்கூடப் பதில் இல்லை' என்று வக்கீல் மூலம் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, கோவை

முப்பது மெசேஜுக்கும் பதில் தேவையில்லை. அவற்றில் குழந்தை சம்பந்தப்பட்ட கேள்வி எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் தேறும். அதற்கு மட்டும் பதில் போடுங்கள், அதுவும் ஒரு நாளில் ஒரே முறை, ஒரே நேரத்தில். இரவு 8 மணி என்று வைத்துக்கொள்ளலாம். 'குழந்தை பற்றிய கேள்விகளுக்குத் தினமும் இரவு 8 மணிக்குப் பதில் தருகிறேன். உடல்நலம், விபத்து போன்ற அவசரம் என்றால் உடனே போன் செய்கிறேன்' என்று ஒரு தடவை எழுதி அனுப்பிவிடுங்கள். 'பதிலே இல்லை' என்ற குற்றச்சாட்டு அதன் பிறகு நிற்காது. அவருடைய சாட்டை ஆர்க்கைவில் போட்டு நோட்டிஃபிகேஷனை அணைத்து வையுங்கள். முழுவதுமாக பிளாக் செய்தால் குழந்தையைப் பார்க்கவிடாமல் தடுக்கிறீர்கள் என்று வாதாட அவருக்கு வழி கிடைக்கும். அப்படி பிளாக் செய்தே ஆக வேண்டிய நிலை என்றால், அதற்கு முன் மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

பதிலை எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வையுங்கள்: 'குழந்தைக்கு மூணு நாளா காய்ச்சல், எனக்குச் சொல்லக்கூட இல்ல. நீயெல்லாம் ஒரு தாயா? உங்கம்மா வளர்த்த லட்சணம் இதுதான்.'

கை தானாகவே இப்படி டைப் செய்யும்: 'மூணு நாள் இல்ல, நேத்துதான். நீங்க என்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்க? எங்கம்மாவைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தகுதி?' இதில் அவர் பிடித்துக்கொள்ள மூன்று இடம் இருக்கிறது. அன்றிரவு பன்னிரண்டு வரைக்கும் அந்த மூன்றையும் வைத்துச் சண்டை ஓடும்.

அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'வணக்கம். பாப்பாவுக்கு நேற்று மாலை 101 டிகிரி காய்ச்சல் வந்தது. இன்று காலை டாக்டரிடம் காட்டினேன். வைரல் காய்ச்சல் என்றார், மூன்று நாளுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். மருந்துச்சீட்டின் படம் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை 10 மணிக்கு அவளை அழைத்து வருவதில் மாற்றம் இருந்தால் வெள்ளி இரவு 8 மணிக்குள் சொல்கிறேன்.'

'மூன்று நாள்' என்ற தவறான தகவல் இதில் தானே சரியாகிவிட்டது, மறுப்பு என்ற தோரணையே இல்லை. தாயா, அம்மா வளர்ப்பு என்ற இரண்டுக்கும் பதில் இல்லை. அடுத்து என்ன, எப்போது என்று முடிகிறது. நான்கைந்து வரி, தகவல் மட்டும், மரியாதையான தொடக்கம், கேள்விக்குறி இல்லாத முடிவு. இதற்கு மேல் ஒரு வரி கூடினாலும் அதில் கோபம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று விஷயம் பதிலில் நுழையவே கூடாது. ஒன்று, அறிவுரை: 'கொஞ்சம் பொறுப்பாக நடந்துகொள்ளுங்கள்' என்ற வரி போதும், மறுபடியும் பற்றிக்கொள்ள. இரண்டு, பழைய கணக்கு. மூன்று, பெரிய மன்னிப்பு. பத்து நிமிடம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்கலாம். 'எல்லாத்துக்கும் நான்தான் காரணம், விட்டுடுங்க' என்று களைத்துப்போய் எழுதிய வரி, ஆறு மாதம் கழித்து மனுவோடு இணைக்கப்பட்டு வரும்.

வந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். மாதம் ஒரு முறை சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். போனை மாற்றினால் பழைய போனை விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அந்தக் கருவி கையில் இருந்தால் வேலை சுலபம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் தேதியும் எண்ணும் தெரியும்படி, முன்னும் பின்னும் சேர்த்து எடுங்கள். நடுவில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்த படம் நம்பிக்கையைக் குறைக்கும். உங்கள் பதில்களையும் நீதிபதி அதே தாளில்தான் படிப்பார் என்பதால், அனுப்பும் முன் அவர் கண்ணால் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

வாரம் ஒரு நாள் மகனைப் பார்க்க உத்தரவு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒப்படைக்கும் இடத்தில் சண்டை. சில நாள் கூட்டி வருவதே இல்லை. இப்போது ஒன்பது வயதுப் பையனே 'வரலை' என்கிறான். ஜீவனாம்சத்தை நிறுத்தினால்தான் அவர்களுக்குப் புத்தி வரும் என்கிறார்கள் நண்பர்கள்.
– வாசகர், மதுரை

ஜீவனாம்சத்தை நிறுத்தாதீர்கள். குழந்தையைப் பார்ப்பதும் பணம் கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனிக் கடமைகள். ஒன்றை நிறுத்தி மற்றதை வாங்க முடியாது. நிறுத்தினால் நிலுவைக்கு மனு வரும், 'பிள்ளைக்குச் சோறு போடாத அப்பா' என்ற பெயரும் சேர்ந்து வரும். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் அனுப்புங்கள். பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ப் பையனை அழைத்துக்கொண்டு வருவதும் கூடவே கூடாது. அந்த ஒரு நாளால் உங்களுக்கு இருக்கும் பார்வை நேரமும் சுருங்கிவிடலாம்.

சண்டையின் வேர் பெரும்பாலும் உத்தரவின் வாசகத்திலேயே இருக்கிறது. 'வாரம் ஒரு நாள் பார்க்கலாம்' என்று மட்டும் இருந்தால் எந்த நாள், எத்தனை மணி, யார் கூட்டி வருவது, எங்கே என்று ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பேசியாக வேண்டும். ஒத்துப்போகும் இருவருக்கு அது நெளிவுசுளிவு. உங்கள் இருவருக்கும் அது வாராவாரம் ஒரு சண்டை. குழந்தை காவல் உத்தரவு என்பது கல்லில் எழுதியதில்லை. சூழல் மாறினால் மாற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். வக்கீலிடம் உட்கார்ந்து கீழ்க்கண்டவற்றைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம். ஒப்படைக்கும் இடம்: இரண்டு வீட்டு வாசலும் வேண்டாம், கேமராவும் ஆள் நடமாட்டமும் உள்ள பொது இடம் நல்லது. பதற்றம் அதிகமென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சில மாதம் வைக்கலாம். ஒப்படைக்கும்போது உடன் வரக்கூடியவர்கள் யார், வரக்கூடாதவர்கள் யார். மாமனார், மைத்துனர் என்று ஐந்து பேர் வந்து நின்றால் எந்தக் குழந்தையும் மிரளும். காத்திருக்க வேண்டிய நேரம், உதாரணமாக 20 நிமிடம். குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் எத்தனை மணி நேரம் முன்னால், எதன் வழியாகச் சொல்ல வேண்டும், விட்டுப்போன நாளுக்கு ஈடாக எந்த நாள். வாரத்தில் எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்கு வீடியோ கால். உச்ச நீதிமன்றம் 2020-இல் யாஷிதா சாஹு வழக்கில், பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று சொல்லி, நேரில் பார்ப்பதோடு வீடியோ அழைப்பு போன்ற தொடர்புக்கான உரிமையையும் வலியுறுத்தியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீல் எடுத்துக்காட்டலாம்.

பண்டிகைகளைத் தனியாக எழுதுங்கள், அங்கேதான் அடிதடி வரை போகிறது. 'தீபாவளிக்கு ஆளுக்குப் பாதி' என்பது போதாது. எண்ணெய்க் குளியலும் புதுத்துணியும் விடியற்காலையிலேயே முடிந்துவிடும், மத்தியானம் பிள்ளையை வாங்குபவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? ஒற்றைப்படை ஆண்டில் தீபாவளி ஒருவருக்கு, பொங்கல் மற்றவருக்கு, இரட்டைப்படை ஆண்டில் மாற்றி, முந்தின நாள் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் மாலை 6 மணி வரை என்று எழுதுங்கள். பிறந்தநாள், கோடை விடுமுறை, காலாண்டு, அரையாண்டு விடுமுறை எல்லாம் இதே மாதிரி. பள்ளி மதிப்பெண் அட்டை, பெற்றோர் கூட்டத் தேதி இருவருக்கும் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டி வராத நாளில் அங்கேயே நின்று போனில் கத்தாதீர்கள். குறித்த இடத்தில் குறித்த நேரம் வரை இருங்கள். 'காலை 10 மணி முதல் 10.20 வரை காத்திருந்தேன், பையன் வரவில்லை. ஈடாக வரும் ஞாயிறு 10 மணி சரியா?' என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், நடந்தது என்று மூன்றே கட்டம் போட்டு எழுதுங்கள், கருத்து எதுவும் வேண்டாம். மூன்று நான்கு தடவை தொடர்ந்தால் அந்தப் பக்கங்களோடு மனுப் போடலாம். ஒரு தடவை தவறியதற்கே ஓடினால், நீங்கள்தான் சண்டைக்காரர் என்று தோன்றிவிடும்.

இனி, பையன் 'வரலை' என்பது. யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அப்படியும் இருக்கலாம். ஒப்படைக்கும்போது நடக்கும் சண்டையைப் பார்க்கப் பயந்தும் இருக்கலாம், அல்லது ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போய்விடுகிறதே என்பதும் இருக்கலாம். ஒன்பது வயதில் இந்த மூன்றையும் அவனால் பிரித்துச் சொல்ல முடியாது. 'அம்மா என்ன சொன்னா? வீட்டுக்கு யார் வந்தாங்க?' என்ற கேள்விகளை அடியோடு விட்டுவிடுங்கள். வேவு கேட்கும் வீட்டுக்குக் குழந்தை விரும்பி வராது. மூன்று மணி நேரம் சேர்ந்து செய்ய ஒரு வேலையை முன்கூட்டியே தீர்மானியுங்கள். சேர்ந்து சமைக்கலாம், சைக்கிள் பழகலாம். பரிசுப் பொருள் குவிக்க வேண்டாம். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று எந்த ரகசியத்தையும் அவன் தலையில் ஏற்றாதீர்கள். இரண்டு மாதம் இப்படிப் போயும் மறுத்தால், நீதிமன்ற ஆலோசகர் அவனோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள். யோசித்துச் சொல்லும் வயதுள்ள குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கடைசியில் பார்க்கப்படுவது குழந்தையின் நலன்தான், விருப்பம் மட்டும் தீர்ப்பாகிவிடாது.

கணவர் கோபம் வந்தால் அடிக்கிறார், கழுத்தைப் பிடிக்கிறார். நீங்கள் சொல்லும் பேச்சு முறைகள் இதற்கு உதவுமா?
– பெயர் வேண்டாம்

உதவாது. இந்தப் பக்கத்தில் சொல்லும் எதையும் அவரிடம் பயன்படுத்திப் பார்க்காதீர்கள். அமைதியாக நான்கு வரி பேசுவது வாய்ச்சண்டைக்கு. அடிக்கிறவரிடம் அது செல்லாது. கழுத்தைப் பிடிப்பது உயிருக்கே ஆபத்தான அறிகுறி. வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் போய், நடந்ததை அப்படியே சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உடனடி ஆபத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். பாதுகாப்பு உத்தரவு, அந்த வீட்டிலேயே வசிக்கும் உத்தரவு, குழந்தையின் தற்காலிகக் காவல் எல்லாம் அதே மனுவில் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் பேசுங்கள். சமரச மையத்துக்கு அனுப்பினால், அடி நடந்தது என்பதை முதலிலேயே சொல்லி, ஒரே அறையில் உட்கார மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கிளம்பும் திட்டத்தைச் சண்டையின் நடுவில் அவரிடம் சொல்லாதீர்கள். ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை முன்பே நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். புரொடக்‌ஷன் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துவார். வாயால் ஒன்று சொல்லிவிட்டு, ஷிப்மென்ட் தாமதமானால் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்பார். எச்.ஆரிடம் போகலாமா?
– வாசகர், திருப்பூர்

போகலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். கையில் எதுவும் இல்லாமல் போனால் 'அவர் சுபாவம் அப்படித்தான், அனுசரிச்சுப் போங்க' என்ற பதில்தான் கிடைக்கும்.

முதலில் வாய்மொழியை எழுத்தாக்குங்கள். அவர் எதைச் சொன்னாலும் அரை மணி நேரத்துக்குள் மெயில் போக வேண்டும்: 'இன்று காலை 11 மணிக்கு நீங்கள் சொன்னபடி, பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அப்ரூவல் வருமுன்பே கட்டிங் தொடங்குகிறோம். பையர் மாற்றம் கேட்டால் வெட்டிய துணி வீணாகும் வாய்ப்பு இருக்கிறது. மாற்றம் இருந்தால் மதியம் 2 மணிக்குள் சொல்லவும்.' இதில் குற்றம்சாட்டும் சொல் எதுவும் இல்லை, வேலைத் தகவல்தான். ஆனால் அடுத்த மாதம் 'நான் சொல்லவே இல்லை' என்பதற்கு இடமில்லாமல் போகும். சமாளிக்க முடியாதவர் என்று பெயரெடுத்த பலர், பேச்சு பதிவாகிறது என்று தெரிந்ததும் பாதி அடங்கிவிடுவதைக் காணலாம்.

கத்தும்போது 'கத்தாதீங்க', 'அமைதியாப் பேசுங்க' என்று சொல்லாதீர்கள். இன்னும் ஏறும். அவர் கவலைப்படும் விஷயத்தை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு, உடனே இரண்டு வழியைக் கையில் கொடுங்கள்: 'சார், 18-ஆம் தேதி கண்டெய்னர் போயாகணும், அது எனக்கும் தெரியுது. ட்ரிம்ஸை (பட்டன், ஜிப், லேபிள்) ஏர்ல வரவழைக்கலாம், இல்லன்னா பாதி லாட்டை முதல்ல பேக் பண்ணலாம். எது சொல்றீங்க?' ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனம் கொஞ்சம் யோசனைக்குத் திரும்பும். அப்போதும் வசை நிற்காவிட்டால் 'பத்து நிமிஷத்துல ஃபைலோட வர்றேன் சார்' என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொல்லாமல் விருட்டென்று போனால் அவமரியாதை என்று ஆகும்.

ஆறு வாரம் இப்படிப் பதிவு சேர்ந்த பிறகு எச்.ஆரிடம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று சம்பவம் போதும். தேதி, இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் இருந்தவர்கள், அதனால் வேலைக்கு ஏற்பட்ட நஷ்டம். 'சைக்கோ', 'டார்ச்சர்' என்ற சொற்கள் வேண்டாம், நடந்ததை அவை மங்கலாக்கிவிடும். முடிவில் என்ன கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள்: உத்தரவுகள் எழுத்தில் வர வேண்டும், வாராந்தரக் கூட்டத்தில் மூன்றாமவர் இருக்க வேண்டும், இப்படிச் செய்யக்கூடியதாக. 'அவரை மாத்துங்க' என்று கேட்டால் கோப்பு மூடப்படும்.

பாலியல் ரீதியான பேச்சோ சீண்டலோ உங்கள் பெண் சக ஊழியர்களுக்கு நடந்தால் பாதை வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார், 90 நாளுக்குள் விசாரணை. பத்துப் பேருக்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

என் மனைவிக்கு 'பர்சனாலிட்டி டிஸார்டர்' என்று யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எல்லா அறிகுறியும் அப்படியே பொருந்துகிறது. இதை வைத்துக் குழந்தையின் காவலைக் கேட்கலாமா?
– வாசகர், சென்னை

அந்த வார்த்தையை வீட்டிலும் மனுவிலும் சொல்லாதீர்கள். நேரில் பார்த்துப் பரிசோதித்த மனநல மருத்துவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் அது, பரிசோதித்தாலும் அதனாலேயே ஒருவர் தாயாக இருக்கத் தகுதியில்லை என்று ஆகாது. கவலை தருவது எந்த நடத்தை என்று எழுதுங்கள்: 'மூன்று முறை இரவில் குழந்தையைத் தனியாக விட்டுப் போனார்' என்பதை நீதிமன்றம் விசாரிக்க முடியும். உங்கள் மனத்துக்கு ஆறுதல் தேவையென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டை எழுதித் தரச் சொல்லி மகன் தினமும் கத்துகிறான். எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

வராது அம்மா. சண்டை போட்டால் கிடைக்கும் என்று அவர் கற்றுக்கொள்வார், அடுத்து நகை வரும். 'எதுவானாலும் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்' என்ற ஒரே வாக்கியத்தை, குரல் ஏறாமல், எத்தனை தடவை கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்தையும் பிடித்து வாதாடுவார். என்றாவது எழுதித் தருவதாக இருந்தால், கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அப்படி இருந்து அவர் கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567.

மகளும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை. பாட்டியான நான்தான் இரண்டு பக்கமும் செய்தி சொல்கிறேன். நல்லது செய்யப் போய் எனக்கே கெட்ட பெயர்.
– வாசகி, திருச்சி

தூது போவதை நிறுத்துங்கள். கோபத்தில் ஒருவர் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாலும் தப்பு, அப்படியே சொன்னாலும் தப்பு. இரண்டு பேரிடமும் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: 'அதை நீங்களே அவங்களுக்கு எழுதி அனுப்புங்க, நான் பேத்தியைப் பார்த்துக்கறேன்.' பஞ்சாயத்துக்குச் சித்தப்பா, பெரியப்பா எல்லாரையும் கூட்டுவதும் இந்த நிலையில் பலிக்காது, ஆளாளுக்குக் கட்சி சேர்ந்து சண்டை இரண்டு குடும்பமாகிவிடும். அவர்கள் சம்மதித்தால் சமரச மையத்துக்கு அனுப்பிவையுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005-இலிருந்து இயங்குகிறது, மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் உண்டு. அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது. இருவரையும் தனித்தனி அறையில் வைத்துப் பேசும்படி முதல் நாளே கேட்கலாம், ஒரு அமர்வுக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். ஒத்துக்கொண்டதை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் இரவு முழுக்க யோசித்து இருவரும் மாறிவிடுவார்கள். பேத்தி உங்கள் மடியில் இருக்கும்போது அவள் அப்பாவைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ உறவினர் யாராவது குறை பேச ஆரம்பித்தால், பேச்சை அங்கேயே வெட்டிவிட்டு அவளை வேறு அறைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.